ஆஃப் ஆச்சா, இல்லையா?

இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரம், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறையில், கூட வேலை பார்க்கும் லிண்டா பால் பாட்டிலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பால் ‘கோ ஆஃப்’ ஆகிவிட்டதாம். நான் குனிந்து ஃபிரிட்ஜின் சுவிட்சைப் பார்த்தேன். அது ஆனில்தான் இருந்தது. பால் எப்படி ஆஃப் ஆகும்? புளித்துப்போய்விட்டது என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ‘கோ’ என்றால் போ. ஐந்தாம் வகுப்பில் படித்த சொல். அதற்குப் பின்னால் இவர்கள் ஒரு சின்ன வாலை ஒட்டிவிட்டால் அது வேறு எங்கோ போய்விடுகிறது. லிண்டா விடுமுறைக்கு ஸ்பெயினுக்கு ‘கோ ஆஃப்’ செய்தாள். பழகிக்கொண்டிருந்த ஆளைப் பிடிக்காமல் போனதற்கும் அதே சொல்தான். சிரித்த முகத்தோடு இரண்டு நாக்கில் பேசுகிறார்களோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

இந்தச் சந்தேகம் ஊரிலிருந்தே கூட வந்தது. சாத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தேன். அச்சங்குளம் பக்கம் பட்டாசு கம்பெனி எதிலாவது வெடிச் சத்தம் கேட்டால், கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். பின்னாலேயே கம்பெனி ஆட்களும் வருவார்கள். வார்டு வாசலில் அவர்கள் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததும், தரையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். புருஷனைச் சேர்த்திருந்த முத்துமாரி ஒருமுறை என் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னக்கா பேசுதாக? நல்ல சேதின்னா தமிழ்லயே சொல்லலாம்ல?” அவர்கள் மருந்துச் சீட்டைப் பற்றித்தான் பேசினார்கள். அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன மாதம் எனக்கே அந்த நிலை வந்தது. ஹெரால்டு என்ற பெரியவர் எங்கள் இல்லத்தில் இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார் என்பதால், கட்டிலை ஒட்டித் தரையில் ஒரு விரிப்பு போட்டிருக்கிறோம். அதில் கால் பட்டதும் மணி அடிக்கும். அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பக்கத்து அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்திருந்தது.

மேனேஜர் கேரன் என்னைக் கூப்பிட்டு, விரிப்பு ‘கோ ஆஃப்’ ஆனதா என்று கேட்டார். “இல்லவே இல்லை, ஆஃப் ஆகவில்லை, நானே பார்த்தேன்” என்று அழுத்தமாகச் சொன்னேன். கேரனின் முகம் மாறியது. லிண்டாவிடம் கேட்டபோது, அது ‘கோ ஆஃப்’ ஆனது என்று அவள் சொல்லியிருக்கிறாள். விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகவும், அதுவரை வீட்டில் இருக்கும்படியும் கேரன் சொன்னார். என் விசா இந்த வேலையோடு கட்டியது. வேலை போனால் நானும் போக வேண்டியதுதான்.

அறைக்கு வந்ததும் கணவருக்குப் போன் செய்தேன். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேன்.

“அந்தப் பொம்பளை உன்னைய மாட்டிவிடப் பாக்கா ஜெசி” என்றார். “நீ ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லுதா. எதுலயும் கையெழுத்துப் போட்றாத.”

“அவ நல்லாத்தாங்க பேசுவா.”

“நல்லாப் பேசுறவகளத்தான் பாத்து நடக்கணும்.”

அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. லிண்டா எனக்குக் கொடுத்த கேக், பாராட்டு, ‘லவ்’ என்று செல்லமாகக் கூப்பிட்டது எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏதோ உள்நோக்கம் தெரிந்தது.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் கேரன் எதிரெதிரே உட்கார வைத்தார். “அப்படியென்றால் உனக்கு எதுவும் கேட்கவில்லை?” என்றார்.

“கேட்டது. அதனால்தானே ஓடினேன்?”

“ஆனால் ‘கோ ஆஃப்’ ஆகவில்லை என்றாயே?”

“ஆகவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. நான் போய்த்தான் நிறுத்தினேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிண்டா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். “நீ பட்டாசு செய்கிற ஊர்க்காரிதானே? பற்றவைத்த பட்டாசு ‘கோ ஆஃப்’ ஆனால் என்ன ஆகும்?”

“அணைந்துவிடும். நமுத்த பட்டாசு.”

“இல்லை, லவ். வெடிக்கும்.”

எனக்குக் காது அடைத்தது. மணி அடித்தாலும் வெடி வெடித்தாலும் ‘கோ ஆஃப்’தானாம். பட்டாசுக்கு நடுவே பிறந்து வளர்ந்த எனக்கு அது வெடிப்பதற்கான ஆங்கிலம் தெரிந்திருக்கவில்லை. நான் ஓடிப்போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக லிண்டா முதல் நாளே கேரனிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது.

கேரன் கடைசியாக, இதை ‘லெட் கோ’ செய்துவிடலாம் என்று சிரித்தார். கூட வேலை பார்த்த ரோசாவையும் இதே இரண்டு சொல்லில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே வந்ததும் லிண்டாவை நிறுத்திக் கேட்டேன். உன்னை ‘லெட் கோ’ என்றால் வேலை போச்சு, அதை ‘லெட் கோ’ என்றால் பிரச்சினை போச்சு என்றாள். தலையாட்டினேன். ஆனாலும் அந்த மாதச் சம்பளம் வரும்வரை நான் முழுசாக நம்பவில்லை.

இந்த வாரம் மதியம் ஓய்வறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவர் கூப்பிட்டார். “ஏ ஜெசி, நம்ம கம்பெனி ஆஃப் ஆயிருச்சு” என்றார்.

நாற்காலி பின்னால் விழ எழுந்துவிட்டேன். “யாருக்கு என்ன ஆச்சு? எந்த அறையில வெடிச்சுச்சு?”

“யாருக்கு என்ன? மழைக்கு லீவு விட்டுட்டாக. நான் வீட்ல இருக்கேன். உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

காரணத்தைச் சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். வீடியோவில் வரச் சொன்னேன். முகம் தெரிந்தது, தலை நனைந்திருந்தது. பிறகும் மனசு ஒப்பவில்லை.

“ரெண்டு கையையும் காட்டுங்க” என்றேன்.

போனை எதன் மீதோ சாய்த்துவைத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அங்கே மழை கொட்டும் சத்தம் கேட்டது. என் பின்னால் ஜன்னலில் குளிர்கால வெயில்.

“அப்படியே கொஞ்ச நேரம் வச்சிருங்க” என்றேன்.