புற்று மண்ணும் அலைக்கோடும்

எங்கள் தாமான் குடியிருப்பில் எந்தச் செய்தியும் முதலில் என் காதுக்குத்தான் வரும். உடையப்பன் புற்று மண்ணை அள்ளிய செய்தி மட்டும் அதற்கு முன்பே அவர் மனைவி சரளாவின் மூக்குக்குப் போய்விட்டது.

உடையப்பன் ஈப்போவில் ஒரு லோரிப் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுக்குப் பின்னால் கேஸ் உலையை மூட்டி, பழைய அரத்தில் கத்தி அடிப்பார். சப்பான்காரர் கத்தியில் வாயோரம் ஓடும் அலைக்கோட்டைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து மனிதருக்கு அதே நினைப்பு. ஹமோன் என்று பெயராம். கத்தியின் முதுகில் களிமண்ணைக் கனமாகவும் வாயில் லேசாகவும் பூசி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்க வேண்டும். வாய் சட்டென்று ஆறி இறுகிவிடும். மண் போர்த்திய முதுகு மெதுவாக ஆறும், அவ்வளவு இறுகாது. இரண்டும் சேரும் இடம்தான் கோடு.

அதற்கு நைசான மண் வேண்டும். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் அப்படி ஒரு புற்று இருந்தது. ரப்பர் தோட்டம் அழிந்து தாமான் வந்தபோதும் யாரும் கை வைக்காத புற்று. சரளா வெள்ளி தவறாமல் பாலும் முட்டையும் ஊற்றுகிற புற்று. இவர் அதிலிருந்து ஒரு வாளி அள்ளிவிட்டார்.

உலையில் வைத்ததும் மண் உப்பிப் பொரிந்து ஏடு ஏடாகக் கழன்றது. எண்ணெயில் முக்கியதும் கத்தி விரிசல் விட்டது. கருகிய முட்டை நாற்றம் என் வீடு வரை வந்தது. சரளா மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்து உலை முன்னால் நின்றார்.

“சாமிக்கு ஊத்துன பால அடுப்புல வேக வச்சிருக்கீங்க. திருவிழாவுக்குள்ள முனிக்கு ஒரு கத்தி செஞ்சி குடுங்க. அதுல அந்தக் கோடு வரணும். வரலன்னா சாமி மன்னிக்கல. இந்த அடுப்ப நானே பழைய இரும்பு வாங்குற பெசி புரோக் லோரியில ஏத்திருவேன்லா.”

காம்பார் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்தில் வெள்ளைக் களிமண் எடுத்து வந்தார் உடையப்பன். கரித்தூள் கலந்து பூசி, நன்றாகக் காயவிட்டார். இந்த முறை மண் நின்றது, கத்தியும் விரியவில்லை. மணல்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூஞ்சிதான் தெரியுது மச்சான், கோடு எங்க?” என்றேன். அவர் மறுபடியும் மணல்தாளை எடுத்தார்.

திருவிழாவன்று காலையில் உலையின் கேஸ் குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தார். கத்தியைப் பூசாரி பிச்சைமுத்துவிடம் கொடுத்துவிட்டுத் தூண் பக்கம் ஒதுங்கி நின்றார். பூசாரி ஒரு கூடை எலுமிச்சம்பழத்தையும் அந்தக் கத்தியால் வெட்டிக் குங்குமம் தடவி வைத்தார். பிறகு கத்தியைத் துடைத்தவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“சரளா, இங்க வந்து பாரும்மா. முனி கோடு போட்டுட்டாரு.”

வாயோரம் சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஓடியது கோடு. சரளா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் உடையப்பன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். தேய்த்த பிறகு புளிப்பு ஏதாவது பட்டால்தான் இறுகிய இடமும் இறுகாத இடமும் வேறு வேறு நிறம் காட்டுமாம். கைப்பேசியில் அந்தக் கத்திப் படத்தை முந்தின ராத்திரிதான் முதல்முறையாகக் கடைசிவரை பார்த்தாராம். மற்ற நாளெல்லாம் அதற்குள் சரளா சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்.

“மச்சான், வீட்ல சொல்லிடாதலா.”

நான் சரளாவிடம் சொல்லவில்லை. மற்றவர்களிடம்தான் சொன்னேன்.

உலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதுக் கத்தி எதுவானாலும் முனி முன்னால் எலுமிச்சம்பழம் வெட்டாமல் வெளியே போகக் கூடாது என்பது சரளாவின் கட்டளை. பழம் வாங்கி வருவதும் அவர்தான். உடையப்பன் கை கட்டி நின்று கேட்டுவிட்டு, பயபக்தியோடு வெட்டுகிறார்.