காலி செய்தது தொட்டியை மட்டுமே

திண்டிவனத்தில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் மாடி வீட்டின் கூடத்தில் மூன்றடி நீள மீன்தொட்டி ஒன்று உண்டு. கணவர் மறைந்த மறு ஆண்டில் நானே கடைக்குச் சென்று, நானே தேர்ந்தெடுத்து வாங்கியது. அதில் தங்கமீன்கள் வாழ்கின்றன.

விழுப்புரத்தில் வீடு கட்டியிருக்கும் என் மகனுக்கு நான் தனியே வாழ்வதில் உடன்பாடில்லை. அன்புள்ளவன்தான். ஆனால் அவனுடைய அன்புக்கு நான் அவன் வீட்டுக் கதவுக்கு உட்புறத்தில் இருந்தாக வேண்டும். வரும்போதெல்லாம் ஒரு காரணம் தேடுவான். படிக்கட்டு செங்குத்து என்பான். தண்ணீர் உப்பு என்பான். சென்ற மழைக்காலத்தில் வந்தவன், தொட்டியின் முன் அமர்ந்து, மீன்களைப் பாராமல் அவற்றுக்குப் பின்னே கண்ணாடி வழியாகத் தெரிந்த சுவரைப் பார்த்தான். ஓதம் ஏறிக் காரை உதிர்ந்த சுவர் அது.

"இதுல எப்படிம்மா இருந்துக்கினு இருக்க? பேசாம எங்கூட வந்துடு," என்றான்.

அவன் பேருந்து ஏறிய பின் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சுவர் வீட்டுக்காரருடையது. தொட்டியின் முதுகு என்னுடையது. அதற்குக் கறுப்பு வண்ணம் பூசுவேன்.

மீன் கடையில் பவளப்பாறை அச்சிட்ட நீலத்தாளை எடுத்துக் காட்டினார்கள். நன்னீரில் பிறந்த மீனுக்குப் பின்னால் கடலை ஒட்டிப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெயிண்டுக் கடைக்காரரோ, வீட்டுக்குள் கறுப்பு ஆகாது, பச்சையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். என் சமையலறைச் சுவர் புகையேறிக் கறுத்த காலத்தில் எவரும் எனக்குச் சகுனம் சொல்லவில்லை என்று கூறிவிட்டு, கறுப்பையே வாங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் மீன்களைப் பழைய தண்ணீரோடு ஒரு டிரம்மில் விட்டு, மீதித் தண்ணீரை மாடிக் குழாய் வழியாகக் கீழே இறக்கினேன். சத்தம் கேட்டுத் தரைத்தளத்து வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"காலி பண்ணிக்கினு இருக்கேம்மா," என்றேன்.

தொட்டியைத்தான் சொன்னேன். வாடகைக்கு இருப்பவள் வாயில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்பது அப்போது தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு அழைத்துத் தொட்டியை இறக்கி, போர்வையின்மேல் அதன் முதுகு மேலே தெரியும்படி கிடத்தினேன். வண்ணத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில்தான் பூச வேண்டும். உட்புறம் பூசினால் மீன்களுக்கு நஞ்சாகிவிடும். சுவரில் கண்ணுக்குத் தெரிவது கடைசிப் பூச்சு. கண்ணாடியிலோ முதல் பூச்சே முகம். முன்னிருந்து காண்பவருக்கு என்றும் தெரிவது அதுதான். அதில் விழுந்த தூசியைப் பின்னர் எத்தனை பூச்சுப் பூசினாலும் மறைக்க இயலாது. ஆகவே மின்விசிறியை நிறுத்தி, வியர்வை சொட்டாதிருக்கத் தலையில் துணி கட்டிக்கொண்டு பூசினேன்.

அது காய்ந்து, இரண்டாம் பூச்சைத் தொடங்கிய வேளையில் வாசலில் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. மகன் இறங்கினான். அவன் பின்னால் கயிறும் கையுமாகச் சுமைதூக்கும் ஆட்கள் இருவர். நான் வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்கார அம்மாள் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். என்னைக் கேட்டால் மனம் மாறிவிடுவேனோ என்று அஞ்சி, கேளாமலேயே வண்டி பிடித்து வந்துவிட்டான். மாடியேறி வந்தவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. அதைக் கண்டு ஒரு கணம் என் மனம் இளகியது உண்மை.

"எல்லாம் கட்டி வெச்சிட்டியாம்மா?"

"எதைடா கட்டணும்?"

"காலி பண்றன்னு சொன்னியாமே."

"தொட்டியைடா. மீன்தொட்டியைக் காலி பண்ணேன்."

ஆட்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மகனின் முகம் சுருங்கிற்று. போர்வையின்மேல் கிடந்த கறுப்புக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தான்.

"செவுத்த மறைக்கத்தானே இது? கறுப்பு அடிச்சா ஓதம் போயிடுமா?"

"போவாது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் பாக்கறது மீனை. உனக்குச் செவுருதான் பாக்கணும்னா பின்னால எட்டிப் பாத்துக்க."

"தனியா இருக்கசொல்ல எங்கியாவது வுழுந்துட்டன்னா?"

"வுழறதுக்கு உன் வீட்லயும் தரை இருக்குதில்ல?"

தூரிகை காய்ந்துவிடும் என்பதால் மீண்டும் பூசத் தொடங்கினேன்.

வந்தவர்களைப் பசியோடு அனுப்புவது முறையன்று. சோறு வடித்து, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலையில் துவையல் அரைத்து அனைவருக்கும் பரிமாறினேன். வண்ணம் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் அந்த ஆட்களைக் கொண்டே தொட்டியைத் தூக்கி இரும்புத் தாங்கியில் வைக்கச் செய்தேன். அவர்கள் எங்கள் வீட்டில் தூக்கிய சாமான் அது ஒன்றே.

புறப்படும்போது, துணிமணி நாலு எடுத்துக்கொண்டு ஒரு வாரமாவது வந்து இருக்கும்படி மகன் தணிந்த குரலில் கேட்டான். டிரம்மில் மீன்களை விட்டுவிட்டு எங்கும் வருவதற்கில்லை என்றேன்.

வண்டி காலியாகவே புறப்பட்டது. அவன் வருத்தத்தோடு போகிறான் என்பதை அறிவேன். உடன் சென்று அவ்வருத்தத்தைப் போக்கியிருக்கலாம். செல்லவில்லை, செல்வதாகவும் இல்லை. சன்னல்கள் அனைத்தையும் திறந்து, வண்ணத்தின் வாடை போக மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டேன்.