கதிரையில் இருந்துகொண்டு நின்றவள்

எனக்குக் கோபம் வந்தால் எழும்பி நின்றுதான் சண்டை பிடிப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. முதுகு போன பிறகு அந்த வசதியும் போய்விட்டது. இப்போது இருந்த இடத்திலிருந்தே சத்தம் போடுகிறேன். முந்தியைப் போல யாரும் பயப்படுவதில்லை.

முதுகு போனது பிஸ்கட் தொழிற்சாலையில். கனடாவுக்கு வந்த காலம் தொட்டு அங்கேதான் வேலை. அடுப்பிலிருந்து வரும் தட்டுகளைத் தூக்கி அடுக்குவேன். ஒரு குளிர்காலக் காலையில் தட்டை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. சத்திரசிகிச்சை செய்து முள்ளந்தண்டில் இரும்பு வைத்தார்கள். அதன் பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் இடது கால் மரத்துப் போகும். இன்னும் பிடிவாதமாக நின்றால் விழுந்துவிடுவேன். மருத்துவர் அதை அப்படியே எழுதிக் கொடுத்ததால்தான் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது.

எங்கள் ஆட்கள் அதை 'டிசபிலிட்டி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். "அவ டிசபிலிட்டி எடுக்கிறவ" என்பார்கள். ஏதோ நான் கடைத் தட்டிலிருந்து எட்டி எடுத்துக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். அந்தப் பணத்தில்தான் நிலத்துக்குக் கீழே இருக்கும் என் பேஸ்மென்ற் அறையின் வாடகை போகிறது. அதோடு வரும் அட்டையைக் காட்டித்தான் மருந்துக்கடையில் நரம்பு வலிக் குளிசை வாங்குகிறேன். கணவர் இறந்து கனகாலம். மகன் கல்கரியில் தன் பாட்டைப் பார்க்கவே கஷ்டப்படுகிறான். உதவித்தொகையை நிறுத்தினால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அந்த அழைப்பு ஒரு காலைநேரம் வந்தது. இலக்கம் காட்டவில்லை. இந்த நகரத்தில் இலக்கம் காட்டாமல் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டின் காற்றுக்குழாயைச் சுத்தம் செய்து தருகிறோம் என்கிறவர்கள்தான். "எனக்குக் குழாயும் இல்லை, வீடும் இல்லை, வை போனை" என்று தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தேன். திரும்பவும் அடித்தது. இந்த முறை எதிர்முனைப் பெண்குரல், தான் பேசுவது உதவித்தொகை அலுவலகத்திலிருந்து என்று நிதானமாகச் சொன்னது. நான் திட்டியது அரசாங்கத்தையே.

நான் சொல்லாமல் எங்கோ வேலை செய்வதாக அவர்களுக்குத் தகவல் வந்திருக்கிறதாம். நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம். விளக்கம் சரியில்லையென்றால் உதவித்தொகை நிற்கலாம் என்பதையும் அதே நிதானத்தோடு சொன்னது. எங்கே வேலை செய்கிறேனாம் என்று கேட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் என்றது.

எந்தக் கடை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஸ்காபரோவில் நான் இருக்கும் தெருவைக் கடந்தால் ஒரு பிளாசா, சின்னக் கடைத்தொகுதி. அதில் எங்கள் ஆள் ஒருவர் இடியப்பம், ரோல்ஸ், கொத்துரொட்டி விற்கிறார். என்னைவிட வயதில் இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். பின்னேரங்களில் அங்கே போவேன். எனக்கென்று காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு, அதில் மெத்தையும் வைத்திருக்கிறார். வருகிறவர்களோடு கதைத்துக்கொண்டு இருப்பேன். அடுத்தவர் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க எங்கள் பெண்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு தட்டை மடியில் வைத்துக் கறிவேப்பிலை உருவுவேன். என்னுடைய உத்தியோகம் அவ்வளவுதான்.

யாரோ அதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த யாரோ.

நேர்காணலுக்கு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று தம்பி சொன்னார்.

"வேண்டாம். நீர் வந்தா உம்மைத்தான் முதல் பிடிப்பினம்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலோடு பஸ் ஏறினேன்.

அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரைகள், மேசை நடுவில் ஒரு தொலைபேசி. அதிகாரிக்கு என் வயது இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இருத்தினார். முகத்தில் கடுமை இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்த, உள்ளேயிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"வணக்கம்மா. இன்னைக்கு நான்தான் உங்களுக்கு மொழிபெயர்க்கிறேன். நீங்க சொல்றத அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

தமிழ்நாட்டுப் பிள்ளை. குளிர்ச்சியான குரல். எனக்கு நிம்மதியாக இருந்தது. வருடக்கணக்காகச் சென்னை சீரியல் பார்க்கிறவள் நான், அவள் பேசுவதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? நான் பேசுவது அவளுக்கு விளங்காமல் போகலாம் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

பெயர், விலாசம், மருந்து எல்லாம் கேட்டு முடித்தார்கள்.

"பகல்ல பொதுவா எங்க இருப்பீங்கன்னு கேக்கறாங்க."

"காலமை வீட்டில. பின்னேரத்தில உந்தக் கடையிலதான் நிக்கிறனான்" என்றேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரியின் பேனா நின்றது. பிறகு வேகமாக எழுதினார்.

"தினமும் நிப்பீங்களா?"

"ஓம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போறேல்லை. மற்ற நாளில கடை பூட்டுமட்டும் நிப்பன். நான் வெளிக்கிட்டாலும் தம்பி விடார். இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கோ அக்கா எண்டுவார். நானும் நிப்பன்."

எங்கள் பேச்சில் ஓரிடத்தில் இருப்பதை நிற்கிறேன் என்றுதான் சொல்வோம். கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டே போனில் "வீட்டில நிக்கிறன்" என்போம். விருந்தாளியை இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகச் சொல்வோம், அவர் இரண்டு நாளும் எங்கள் சோபாவில் சாய்ந்து கிடப்பார். காலை ஊன்றி நிற்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தொலைபேசிக்குள் இருந்த பிள்ளைக்குத் தெரியாது. கூட்டாமல் குறைக்காமல் அவள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். நானோ உற்சாகமாக என் வாயாலேயே எனக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கோப்பைப் புரட்டி ஒரு தாளில் விரலை வைத்தார்.

"அம்மா, பத்து நிமிஷத்துக்கு மேல உங்களால நிக்க முடியாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. நீங்க கடை மூடுற வரைக்கும் நிக்கிறேன்னு சொல்றீங்க. ரெண்டுல எது உண்மைன்னு கேக்கறாங்க."

எல்லாம் ஒன்றாக மனதில் ஓடியது. வாடகை, குளிசை, வீட்டுக்காரரின் முகம்.

"ஆர் நிண்டது? நான் நிக்கேல்லை! நான் கதிரையில இருந்தனான்!"

தொலைபேசிக்குள் இருந்த பிள்ளை கேட்டாள்: "கதிரைங்கறது எந்த ஊரும்மா? அப்போ நீங்க ஸ்காபரோல இல்லையா?"

"ஐயோ பிள்ளை, அது ஊரில்லை, கதிரை! கடையிலதான் நிண்டனான். ஆனா கதிரையில இருந்துகொண்டு நிண்டனான்!"

"அம்மா, முதல்ல நிக்கலைன்னீங்க. இப்போ நின்னேன்னு சொல்றீங்க. நான் எதைச் சொல்லட்டும்?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது என்று இன்று தெரிகிறது. எங்களுக்கு இருப்பது என்றால் உடம்பைக் கதிரையில் இறக்கி வைப்பது. அவளுக்கு இருப்பது என்றால் சும்மா அங்கே இருப்பது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் நேர்மையாக எடுத்து, நேர் எதிராக வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்று எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். வழமைபோல எழும்பி நின்றேன்.

எத்தனை நேரம் அப்படி நின்று கத்தினேனோ தெரியாது. கால் மரத்தது. மேசை விளிம்பைப் பிடித்தேன், பிடி வழுக்கியது. அதிகாரி எழும்பி ஓடிவந்து கதிரையை எனக்குப் பின்னால் தள்ளி, தோளைப் பிடித்து இருத்தினார். இருக்கச் சொல்லி ஆங்கிலத்தில் "சிற், சிற்" என்றார்.

"உது! உதுதான் கதிரை!" என்று கதிரையின் கைப்பிடியில் அடித்துக் காட்டினேன். தொலைபேசிக்குக் கண் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில் சீரியல் கைகொடுத்தது. ஆஸ்பத்திரிக் காட்சி வராத சீரியல் உண்டா? டாக்டர் வெளியே வருவார், குடும்பம் அலறும், கதிரையைக் காட்டி அவர் முதலில் சொல்வது ஒன்றுதான். அந்தச் சொல்லை நான் வாழ்நாளில் வாயால் சொன்னதில்லை. மாமியார் வேடம் போடுகிறவளைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"பிள்ளை, நான் கடையில உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலியில். உட்கார்ந்திருக்கிறேன்!"

"அய்யய்யோ, அம்மா!" என்றாள்.

அதிகாரியிடம் ஆங்கிலத்தில் நிறையப் பேசினாள். குரல் வேகமெடுத்தது. பிழை தன்னுடையது என்று அவள் சொன்னது மட்டும் எனக்கு விளங்கியது. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"சொல்லிட்டேன்மா. உங்க தமிழ்ல நிக்கிறதுன்னா அங்க இருக்கிறதுன்னு அர்த்தம், நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டேன். அவங்க எழுதினதை அடிச்சுட்டாங்களா பாருங்க."

பார்த்தேன். அதிகாரி நீளமாக ஒரு கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கடையில் என்ன செய்வேன் என்று கேட்டார். கறிவேப்பிலை உருவுவேன் என்றேன். அதற்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார்.

"கறிவேப்பிலை உருவிறதுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? தேத்தண்ணி தருவார். அதுவும் சீனி குறைச்சு."

அதிகாரியின் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து போனது. பிறகு அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"சம்பளமும் இல்லை, நடக்கிறதும் கஷ்டம். அப்போ தினமும் ஏன் போறீங்கன்னு கேக்கறாங்கம்மா."

வெட்டென்று ஒரு பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கண்தான் நிறைந்தது. அந்நியர் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

"வீட்டில கதைக்க ஆக்களில்லை. பேஸ்மென்ற் யன்னலால பாத்தா ஆக்களின்ரை காலும் சப்பாத்தும்தான் தெரியும். கடைக்குப் போனா முகம் பாக்கலாம்."

அந்தப் பிள்ளை இதை மெதுவாக மொழிபெயர்த்தாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று நம்புகிறேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். கண் துடைக்கும் கடதாசிப் பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தொலைபேசியிடம் பேசினார்.

"உங்க பணம் நிக்காதுன்னு சொல்றாங்கம்மா. கடையில போய் உட்கார்றது தப்பே இல்லையாம்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதிரையில் இருப்பதற்குப் போய் ஓர் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேனே என்றும் இருந்தது.

அதன் பிறகு நான் கடைக்குப் போகவில்லை. பணம் ஒழுங்காக வந்தது, குளிசையும் கிடைத்தது. இருந்தும் வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். யார் சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வி மனதை அரித்துக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போகிற இடத்தில் யாராவது சிரித்தால் இவளோ என்று பார்ப்பேன். சுகம் விசாரித்தால் இவனோ என்று பார்ப்பேன். எந்த முகங்களைப் பார்க்கத்தான் கடைக்குப் போனேனோ, அந்த முகங்களுக்கே பயந்தேன்.

ஒருநாள் பின்னேரம் தம்பி போன் அடித்தார்.

"அக்கா, எங்க நிக்கிறியள்?"

கட்டிலில் படுத்துக்கொண்டு, முதுகுக்குக் கீழே சுடுதண்ணீர்ப் பையோடு, "வீட்டில நிக்கிறன்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஏனென்று விளங்காமல், "சிரிக்கிறதெண்டா இஞ்ச வந்து சிரியுங்கோ. கறிவேப்பிலை குவிஞ்சு கிடக்கு" என்று வைத்துவிட்டார்.

போனேன். மேசைக்குப் பின்னால் என் கதிரையைக் காணவில்லை. இவரும் பயந்துவிட்டார், எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பப் போக ஊன்றுகோலைத் திருப்பினேன்.

"அங்கை பாருங்கோ அக்கா" என்றார்.

கதிரை கடையின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. மெத்தைக்குப் புது உறை. பிளாசாவுக்கு வருகிற போகிற அத்தனை பேரும் பார்க்கக்கூடிய இடம்.

"பின்னால இருந்தபடியால்தான் ஆரோ எட்டிப் பாத்திருக்கினம். இனி வடிவாப் பாக்கட்டும்."

அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் போய் இருந்தேன். தட்டு மடிக்கு வந்தது. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே, 'நிக்கிறன்' என்ற ஒரு சொல்லால் அந்த அறையில் நான் பட்ட பாட்டைத் தம்பிக்குச் சொன்னேன்.

ரோல்ஸ் வாங்க வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். அவர்களில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதானோ என்னவோ, "அக்கா இப்ப இஞ்சதான் வேலையோ?" என்று கேட்டார். வரிசையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சீச்சீ, அக்கா சும்மா இஞ்ச நிக்..." என்று தொடங்கிய தம்பி பாதியில் விழுங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி, சீரியல் மாமியாரின் குரலில்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பற்றிச் சொன்னவரும் அந்தச் சிரிப்புக்குள் இருந்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எழும்பவில்லை.