பழைய புடவையோடு வந்த மாத்திரைகள்

இன்று நான் வேலை செய்யும் வீட்டு அக்கா ஒரு பை கொடுத்தார். மேலே பழைய புடவைகள். அடியில், அவருடைய மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் முடிந்தபோது வாங்கிய வலி மாத்திரைகள், பிரிக்காத அட்டைகளாக.

"தூக்கிப் போட மனசு வரல. உங்க சதுரங்கப்பட்டினத்துல யாருக்காவது உதவும்ல?"

நான் அந்த வீட்டில் வாயே திறக்காதவள். இன்று சொல்லிவிட்டேன்.

"வேணாங்கா. எங்க தெரு பசங்க போதைக்கு இதத்தான் தேடிகினு கீறானுங்க. என் தம்பியும் அவனுங்க கூடத்தான் சுத்துறான்."

"அப்போ உன் தம்பிய நீ கண்டிச்சு வை. மாத்திரை என்ன பண்ணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரைகளை எல்லாம் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தேன். காலையில் பில்டரிலிருந்து தட்டிய காபி சக்கையில் போட்டுப் பிசைந்து, கவரில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போட்டேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருமுறை சொன்ன வழி இது. இனி யாரும் பொறுக்கித் தின்ன முடியாது.

"ஐயோ, நல்ல மாத்திரைடி!" என்று பதறினார்.

கிழிந்த புடவையைக் கொடுக்க வெட்கப்பட்டு, ஓரம் தைத்துக் கொடுக்கிறவர் இவர். மாமியாருக்கு மட்டும் டாக்டர் எழுதிய மாத்திரையை ஊருக்கே கொடுக்க வெட்கமில்லை.

உங்கள் வீட்டு டப்பாவிலும் மிச்சம் இருக்கிறதா? யாருக்குக் கொடுப்பதாக இருக்கிறீர்கள்? அவர்கள் தெருவிலும் யாருக்கோ ஒரு தம்பி இருப்பான்.