இருநூற்றுப் பதினான்கு தூசிகள்

எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. இன்றும் மாத்திரைகளை இரண்டு முறை எண்ணாமல் விழுங்க மாட்டேன். இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் மாமா.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்; எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. கப்பலில் திரும்பி வந்தபோது ஒரு தொலைநோக்கி கொண்டுவந்தார். அதற்குள் இரண்டு கண்ணாடிகள்: குழாயின் அடியில் சோற்றுத்தட்டு அளவில் ஒன்று, வாய்ப்பக்கம் தீப்பெட்டி அளவில் சாய்வாக ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து, பெரிய கண்ணாடியில் படிந்த தூசிகளை எண்ணி நோட்டில் எழுதுவது ஒன்பது வயதில் என் வேலை. ஐந்நூறைத் தாண்டினால்தான் கழுவலாம் என்பது மாமாவின் சட்டம். தூசி இருந்தாலும் நிலா தெரியும், துடைக்கும்போது விழுகிற கீறல் ஒருநாளும் போகாது, மேல்பூச்சு கெட்டால் பிரான்சுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பார். பதினோரு ஆண்டுகளாக அதன்மேல் ஒரு விரல் பட்டதில்லை.

அந்த ஆண்டு நோன்புப் பிறை பார்க்க மொட்டை மாடியில் எட்டுப் பேர் கூடினோம். ஏழு பேருக்குப் பிறை தெரிந்தது. கடைசியாகக் குனிந்த மாமி, காட்சியைத் தெளிவாக்கும் குமிழை இப்படியும் அப்படியும் திருகிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். கண்ணாடி பூராவும் அழுக்கு, கழுவினால்தானே தெரியும் என்று சொல்லிவிட்டு மாமி கீழே போய்விட்டார்.

மாமி தையலில் கெட்டிக்காரி. ஆனால் கொஞ்ச நாளாக ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரே நாளில் ஒன்பது முறை. அதையும் எண்ணி, என் விளையாட்டு ஒன்பது முறை கெட்டது என்று அம்மாவிடம் புகார் செய்தேன்.

பிறை பார்த்த மறுநாள் மாமா டார்ச்சை என் கையில் கொடுத்தார். இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் இருநூற்றுப் பதினான்கு. போன மாதத்தைவிட ஐந்துதான் கூடுதல். நோட்டில் எழுதிவிட்டு, கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி தலையைத் தூக்கவில்லை.

மாமா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பா எண்ணிட்டடா. ஐநூறுக்கு மேல இருக்கு."

"இல்ல மாமா, ரெண்டு வாட்டி எண்ணினேன்."

"தப்புன்னா தப்புதான். கழுவிடலாம்."

என் எண்ணை அடித்துவிட்டு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று அவரே எழுதினார். அதற்கு முன் நான் அத்தனை அவமானப்பட்டதில்லை.

பெரிய மார்க்கெட் பக்கத்து பேட்டரிக் கடையிலிருந்து நான்கு பாட்டில் காய்ச்சி வடித்த தண்ணீர் வந்தது. பெரிய கண்ணாடியைக் கழற்றி, அகலமான பேசினில் கிடத்தினார். பஞ்சை அழுத்தக் கூடாது, அதன் கனத்திலேயே இழுக்க வேண்டும். ஓர் இழுப்புக்கு ஒரு பஞ்சு. மொத்தம் முப்பத்தாறு. முப்பத்தொன்றாவது பஞ்சில் அவர் கை நின்றது. ஓரத்தில் கண்ணிமை முடி நீளத்துக்கு ஒரு கீறல். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

பாதி நிலா வந்த நாள், நோன்பு திறந்ததும் மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, நிலாவை அதற்குள் பிடித்துவிட்டு, மாமியை அழைத்துவர இறங்கினார். நூறு எண்ணுவதற்குள் நிலா நகர்ந்து குழாயைவிட்டுப் போய்விடும். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். மாமா மாமியின் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தபோது நூற்று எழுபது ஆகியிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் மாமி குனிந்துவிட்டார்.

வெகுநேரம் பார்த்தார்.

"இப்பதாங்க பளிச்சுன்னு இருக்கு. குழியெல்லாம் தெரியுது."

அடுத்து நான் குனிந்தேன். உள்ளே வெறும் இருட்டு. என்னை நகர்த்திவிட்டு மாமா குனிந்தார். குழாயை ஓர் அங்குலம்கூட அவர் திருப்பவில்லை.

"ஆமா, பளிச்சுன்னுதான் இருக்கு," என்றார்.

"மாமா, அதுல நிலாவே இல்ல."

"நீ கீழ போடா."

பத்தொன்பது படிகளையும் ஓங்கி மிதித்துக்கொண்டு இறங்கினேன். ஒருவருக்கு எண்ணத் தெரியவில்லை, ஒருவருக்கு நிலா எது என்றே தெரியவில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேர் கையில் போய் இத்தனை நல்ல தொலைநோக்கி மாட்டிக்கொண்டதே என்று கீழ்ப்படியில் உட்கார்ந்து கொதித்தேன். மேலேயிருந்து மாமி ஏதோ சொல்வதும், மாமா சிரிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தது.