யாருக்குச் சித்தி

எங்கள் சித்தி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நனைந்த படுக்கை விரிப்புகளைப் பிழிந்து பிழிந்து அவள் மணிக்கட்டு தடித்துப் போயிருந்தது. வீட்டிலும் கை சும்மா இருக்காது. படித்து முடித்த செய்தித்தாளைக்கூட மூலைக்கு மூலை சேர்த்து விரிப்பு மாதிரி மடித்து வைப்பாள். தெருமுனைக் கடைக்காரரும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவார். "தலை நரைச்ச பிள்ளை எனக்கு எப்பய்யா பிறந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே மிச்சச் சில்லறைக்குக் கை நீட்டுவாள்.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா போனார், அடுத்த வருஷம் சித்தியும் போனாள். அதன் பிறகுதான் வக்கீலாக இருக்கும் அண்ணன் குடும்ப வரலாற்றை முடிக்க உட்கார்ந்தான். அப்பாவைப் பேசவைத்து போனில் பதிவு செய்தது அவனிடம் இருந்தது. பெரிய அட்டையில் வம்சாவளிக் கட்டங்கள் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கை சித்தியிடம் வந்ததும் நின்றது.

"இவங்களை எங்க ஒட்டறது? யாரோட தங்கச்சி?"

"அப்பா சித்தின்னு கூப்பிடுவாரே. அவரோட அம்மாவுக்குத் தங்கச்சி" என்றான் அண்ணன்.

"அப்போ உங்களுக்குப் பாட்டி ஆகணும். நீங்களும் சித்திங்கறீங்க."

"சரி, அம்மாவோட தங்கச்சி."

"மச்சினியை எந்த ஊர்லங்க சித்தின்னு கூப்பிடுவாங்க?"

அம்மாவும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சலவைக்கூடத்துக்குப் போய் அவளோடு வேலை செய்த ஒரு வயதான பெண்ணிடம் கேட்டோம். "எங்க வீட்டுப் பிள்ளைங்கன்னு உங்களைப் பத்திப் பேசிட்டே இருப்பா. எப்படி உறவுன்னு நான் கேட்டதில்லை" என்றார். பழைய வேலையாட்களின் காகிதங்களை எப்போதோ கழித்துவிட்டார்களாம்.

"அப்பா பேசினப்போ சித்தி சமையலறையில இருந்தாங்களே" என்றேன்.

அண்ணன் முகம் மாறியது. பின்னணிச் சத்தத்தையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்த பதிவைத்தான் அவன் இத்தனை நாளும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். முதல் பதிவு அவனுடைய பழைய போனில் கிடந்தது. அதைத் தேடியெடுத்து சார்ஜ் போட்டோம்.

"நாங்க இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு நல்ல மழை" என்றார் அப்பா.

"மழையா? மண்டையைப் பிளக்கிற வெயில்" என்று தூரத்திலிருந்து சித்தியின் குரல்.

மழை என்றே அண்ணன் எழுதியிருந்தான்.

அவள் மறுபடி பேசினாள். "வக்கீல் சார், நான் இந்த வீட்டுக்கு யாரா வந்தேன்னு உங்கப்பா மறந்திருப்பார். நான் சொல்றேன் கேளு..."

உடனே அண்ணனின் குரல், மரியாதையாகத்தான்: "சித்தி, பதிவாகுது. கொஞ்சம் சத்தமில்லாம இருங்களேன்."

"சரிப்பா."

கடைசிவரை கேட்டோம். அப்பாவின் குரல் மட்டும்தான். குழாய்ச் சத்தம்கூட இல்லை. ஒரே ஒரு இடத்தில் ஏதோ ஒரு மூடி நழுவி, தரையில் விழுமுன் அவள் அதைப் பிடித்துக்கொண்டது கேட்டது.

அந்த இடத்தை அண்ணன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.