அறுபத்தைந்து கிலோ அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் ஆடுகளத்து நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அட்டையில் எந்தப் படத்தைப் போடுவது என்று வீட்டில் மூன்று நாள் விவாதம் நடந்தது. பனியனோடு கோப்பை தூக்கி நிற்கும் படம் வேண்டும் என்றார் அம்மா. மைக் பிடித்த படம்தான் என்றார் அண்ணி. அண்ணி சொன்னதே நடந்தது.

கட்டுரையை அண்ணியே எழுதட்டும் என்று நான் நழுவப் பார்த்தேன். "கூடவே ஆடனவரு நீங்கதான், நீங்களே எழுதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். எழுதுகிறேன். ஆனால் புகழ்ந்து நாலு வரி எழுதிவிட்டு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் நோயில் விழுந்ததற்கு ஊரில் ஒரு காரணம் சொல்கிறார்கள். அண்ணியைக் காட்டி, "அந்தப் பொண்ணு வந்த நேரம்" என்கிறார்கள். அப்படிப் பேசியவர்களில் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கும். அது உண்மையில்லை. உண்மை எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது பாகூர் கொம்யூன் குருவிநத்தத்தில். அப்பா ஒன்றரை ஏக்கரில் நெல்லும் கரும்பும் மாற்றி மாற்றி வைத்தவர். அவர் இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. காலையில் வயல், மாலையில் கபடி என்று அண்ணன் தன் நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவரும் அவர்தான், எங்கள் ஊர் அணியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவர் பாடிப் போனால் எதிரணி பின்கோட்டுக்கு ஒதுங்கும். நான் பிடிக்கிற பக்கம். கால் இடறி நான் விழுந்தால், "எழுந்துர்றா, படுத்துக்க வூட்ல பாய் இல்ல?" என்று மைதானமே சிரிக்கும்படி கத்துவார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் எடைப் பிரிவு உண்டு. நாங்கள் ஆடியது அறுபத்தைந்து கிலோ பிரிவு. போட்டி நடக்கும் ஊரில் பந்தலோரம் ஒரு தராசு இருக்கும். ஒவ்வொருவரும் ஏறி நிற்க வேண்டும். கூடிப்போனால் அன்றைக்கு வெளியில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியதுதான். அதனால் போட்டிக்கு முந்தின இரண்டு நாள் எங்களுக்குச் சோறு கிடையாது, தண்ணீரும் அளவுதான். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவோம். எடை குறைய எச்சில் துப்பிக்கொண்டே இருப்போம். வலிக்கு மாத்திரை போட்டுக்கொள்வோம். எல்லா ஊரிலும் எல்லாரும் செய்வதுதான். தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

இருபத்தெட்டு வயதில் அண்ணனுக்குத் திருமணம் ஆயிற்று. அண்ணி அரியூர்ப் பக்கம். ஆறாவது மாதத்தில் அண்ணன் தராசில் அறுபத்தேழு காட்டினார். அடுத்த மாதம் அறுபத்தொன்பது. முகம் பளபளவென்று உப்பியிருந்தது. கேலிக்குக் கேட்க வேண்டுமா? "இன்னா மாப்ள, மாமியா வூட்டுக் கறிக்கொழம்பு பேசுதா?" என்று அணியே பிடித்துக்கொண்டது. அண்ணனும் சிரித்தார். எடையைக் குறைக்க இன்னும் கூடுதலாக ஓடினார், தண்ணீரை இன்னும் குறைத்தார். கூடவே சைக்கிளில் போய், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டாலும் கொடுக்காதவன் நான். கொடுக்கக் கூடாது என்பது அவர் எனக்கு இட்ட கட்டளை.

ஒரு இறுதிப் போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சியில் அண்ணனுக்குக் கால் விரல் கிழிந்தது. பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். கட்டுப் போட்ட நர்ஸ் அம்மா அவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ரத்த அழுத்தம் பார்த்தார். அண்ணன் வண்டியை எடுக்க வெளியே போனதும் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"யாருப்பா அவரு உனக்கு?"

"அண்ணன்மா."

"இது சதை இல்லப்பா, நீரு. பிரஷரும் ரொம்ப இருக்கு. நாளைக்கே ரத்தம் டெஸ்ட் எடுக்கணும். ஓட்டம் கீட்டம் எதுவும் கூடாது, சொல்லிடு."

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. அண்ணன் இல்லாமல் எங்கள் அணி இல்லை. நான்கு நாள்தானே, முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் "இன்னாடா சொன்னாங்க?" என்று கேட்டார். "காயத்துல தண்ணி படக்கூடாதாம்" என்றேன். இதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தராசில் சரியாக அறுபத்தைந்து காட்டினார். கோப்பையும் வாங்கினோம். அட்டையில் போட வேண்டும் என்று அம்மா கேட்ட படம் அன்று எடுத்ததுதான். பத்தாவது நாள் மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார் டாக்டர். நோய் முன்பே உள்ளே இருந்திருக்கும், வலி மாத்திரையும் தண்ணீரில்லாத ஓட்டமும் அதை முடுக்கிவிட்டன என்றார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று அண்ணி கேட்டார். "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலை நான் எட்டு ஆண்டுகளாகச் சுமக்கிறேன்.

அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சிறுநீரகம் கொடுக்கலாம் என்றால் அம்மாவுக்குச் சர்க்கரை, அண்ணிக்கு ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. நான் போய்ப் படுத்தேன். ஸ்கேனில், எனக்குப் பிறவியிலேயே ஒன்று சிறுத்துப் போயிருப்பதாகச் சொல்லி எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கொடுக்கலாம் என்றிருந்த ஒரே பொருளும் என்னிடம் இல்லை. அண்ணன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அங்கேயும் மிஷினுக்கு முன்னாலும் பின்னாலும் எடை பார்ப்பார்கள். "மூணு கிலோ எறங்கிட்டேன்டா, என்னை எந்தப் பிரிவுல எறக்கற?" என்று கேட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்தக் கையில் அடிபடவே கூடாது. கபடிக்காரருக்கு அதற்குமேல் என்ன தண்டனை வேண்டும்? ஓராண்டு மைதானம் பக்கமே போகவில்லை. பிறகு ஆட்டம் பார்க்கப் போன ஒருநாள், வர்ணனை செய்பவர் வராமல் போக, சும்மா உட்கார்ந்திருந்தவர் கையில் மைக்கைத் திணித்தார்கள். அன்றைக்குப் பிடித்தவர் விடவில்லை. "பச்ச பனியன் தம்பி, பாடறியா மொணகறியா? எனக்கே கேக்கல, அம்பயருக்கு எங்க கேக்கப் போவுது?" என்பார். கூட்டம் ஆட்டத்தைப் பார்க்க வந்ததா, இவரைக் கேட்க வந்ததா என்று தெரியாது. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்தும் தேடி வந்தார்கள். போட்டிக்குத் தேதி குறிக்கும் முன், "அண்ணனுக்கு மிஷின் நாள் எது?" என்று எனக்குப் போன் செய்துவிட்டுத்தான் நோட்டீஸ் அடித்தார்கள். தராசுப் பக்கம் போய், உதடு வெடித்து நிற்கும் பையன்களைத் தனியே கூப்பிட்டுத் திட்டுவார். "மேல் பிரிவுல தோத்துட்டுப் போயேன்டா, உயிரா போயிடும்?" என்பார். சிலர் கேட்டார்கள். சிலர் அவர் முதுகுக்குப் பின்னால் துப்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இதையெல்லாம் சாதனை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் காணும் பொங்கல் வரைக்கும். எங்கள் ஊரில் அன்று கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஆட்டம். கூட்டம் விசிலடித்ததில் அண்ணன் எழுந்துவிட்டார். முழுக்கைச் சட்டையோடு, இடது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒரே ஒருமுறை பாடிப் போனார். எதிரில் ஏழு பேர். ஒருவரும் அசையவில்லை. தொட வசதியாக நின்று கொடுத்தார்கள். ஏழு பேரையும் தொட்டுவிட்டுத் திரும்பினார். ஊரே கைதட்டியது.

அண்ணன் நேராக வேலியோரம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

"ஒருத்தன்கூட கை வெக்கலடா."

"பயந்துருப்பாங்கண்ணா. கையில அடிபட்டுடுமே."

"தெரியும்டா. அதான் சொல்றன்."

அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

போன ஆண்டு ஆற்றில் வெள்ளம் வந்த வாரம் சாலை முழுகியது. ஒரு டயாலிசிஸ் தவறியது. மறுநாளும் தண்ணீர் வடியவில்லை. அண்ணனுக்குப் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வேறு என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் நாள் டிராக்டரில் ஏற்றித் தவளக்குப்பம் கொண்டுபோய் ஆம்புலன்ஸ் பிடித்தோம். மிஷினில் போட்டார்கள். இரண்டு நாள் இருந்தார். பிறகு இதயம் நின்றுவிட்டது. அண்ணனுக்கு வயது முப்பத்தாறு.

இடுப்பளவுத் தண்ணீரில் டிராக்டர் ஓட்டிய மேலத்தெரு மாமாவுக்கும், ஏழு ஆண்டுகள் தங்கள் வீட்டு ஆள்போலப் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவு நர்ஸ்களுக்கும், தேதி மாற்றி நோட்டீஸ் அடித்த எல்லா ஊர் அணிகளுக்கும், பாடை தூக்க முன்னால் வந்த அந்த இறுதிப் போட்டியின் எதிரணித் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கட்டுப் போட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்ட அந்த நர்ஸ் அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். கோபித்துக்கொள்வார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றுகூட நினைத்தேன். இரண்டு முறை படித்தார். கேஸை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த வாரம் அவருக்குச் செருப்பு வார் ஏறல தம்பி. கல்யாண மோதிரத்த சோப்பு போட்டுக் கழட்டனாரு. நான் எல்லாம் பாத்தேன். எங்கம்மாக்கு போன் போட்டு, என் சமையல்ல இவரு நல்லா சதை போட்டுட்டாருன்னு பெருமையா சொன்னேன். அதையும் எழுதுங்க."

"வேணாம் அண்ணி. ஊரு வாய்க்கு அவல் கொடுத்த மாதிரி ஆவும்."

"ஊரு சொன்னதுக்காக இல்ல தம்பி. நான் பாத்ததுக்காக."

ஊர்ப் பேச்சை மறுக்க உட்கார்ந்தவன் நான். அண்ணி சொன்னதை உரிய இடத்தில் சேர்க்கக் கை வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அண்ணி பார்த்தார். நான் காதால் கேட்டேன். அண்ணனிடம் நாங்கள் இருவருமே சொல்லவில்லை.